எடை சரி

திங்கட்கிழமை வந்த ரத்தம்.
பச்சை மூடிக் குழாய், ஐந்து மில்லி.
பூவரசன், 34, கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை.
இன்னொரு குழாய் சுபாஷிணி, 29.
காரணம் என்ற கட்டத்தில்
கர்ப்பம் மூன்று, குழந்தை இல்லை
என்று டாக்டர் எழுதியிருந்தார்.
இல்லை என்ற இடத்தில் பேனா அழுத்தியிருந்தது.

வெள்ளணு சோம்பேறி.
உடம்பை விட்டு வந்ததும் சுருண்டு படுத்துவிடும்.
அதைத் தட்டி எழுப்ப
சிவப்பு பீன்ஸ் விதையின் சத்து இரண்டு சொட்டு.
பிறகு மூன்று நாள், முப்பத்தேழு டிகிரி.
நாலு ரோட்டில் கரண்ட் போகும்போதெல்லாம்
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை
நான் மூச்சு விடுவதில்லை.

இதற்குள் அது தன்னைப் படி எடுத்திருக்கும்.
ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான நூலைச்
சிக்கில்லாமல் சுருட்டிச் சுருட்டிக்
குட்டைத் தண்டுகளாக்கி
நடுக்கோட்டில் வரிசையாய் நிறுத்தியிருக்கும்.
இரண்டு முனையிலிருந்தும் கயிறுகள் வந்து
இடுப்பைப் பிடித்திருக்கும்.
இழுக்கப் போகிற நொடி.
அங்கேதான் நான் குறுக்கே விழ வேண்டும்.

அதற்கு ஒரு நஞ்சு உண்டு,
கண்வலிக்கிழங்கில்.
ஏற்காட்டு மலையில் எட்டாவது வளைவில்
மழை விட்ட வாரம் புதரேறிப் பூத்திருக்கும்,
மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடிகிற ஆறு விரல்கள்.
ஸ்கூட்டரை நிறுத்திப் பார்ப்பேன், பறிப்பதில்லை.
சாமிக்குரிய பூ என்று தெரியும்.
எனக்கு அது கயிற்றை அவிழ்க்கும் கை.
இழுக்க ஆளில்லாமல்
நாற்பத்தாறும் நின்றது நின்றபடி நிற்கும்.

உப்புக் குறைந்த நீரில் போட்டால்
செல் ஊதும்,
பாயசத்தில் வெந்த ஜவ்வரிசி மாதிரி.
சேலத்துக்காரிக்கு வேறு உவமை வராது.
வினிகர் நெடியோடு
ஒரு முழ உயரத்திலிருந்து ஈரக் கண்ணாடியில் ஒரு சொட்டு.
உடைந்து சிதறும்.
சிதறினால்தான் எண்ண முடியும்.

எண்ணினேன். நாற்பத்தாறு.
இருபது செல்லிலும் நாற்பத்தாறு.
சுபாஷிணியிடம் ஒரு குறையும் இல்லை.
பூவரசனுக்கு ஊதாக் கோடுகளைப் பார்த்து
ஜோடி சேர்த்துக்கொண்டே வந்தவள்
நாலாவது ஜோடியில் நின்றேன்.
ஒன்றுக்குக் கால் குட்டை.
பதினொன்றில் ஒன்றுக்குக் கால் நீளம்.
இதன் நுனி அங்கே, அதன் நுனி இங்கே.
தொலைந்தது ஒன்றுமில்லை, கூடியதும் இல்லை.
இடம் மாறியிருக்கிறது,
அவர் பிறப்பதற்கு முன்பே,
யாரும் பார்க்காதபோது.

விளக்கிச் சொல்கிற டாக்டர் அன்றைக்கு லீவு.
அவர்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள்.
அவள் மடியில் மூன்று வருட ஃபைல்.
எல்லா ரசீதிலும் அவள் பெயர்.
நான் பேப்பரில் தண்டுகள் வரைந்தேன்,
அம்புக்குறி போட்டேன், அடித்தேன், மறுபடி வரைந்தேன்.

நகத்திடுக்கில் வெள்ளித்தூள் படிந்த விரலை
அவர் பேப்பரில் வைத்தார்.
"மேடம், இது ரெண்டு கொலுசுன்னு வெச்சுக்குங்க.
இதுல நாலு கண்ணி அதுக்குப் போயிருச்சு,
அதுல ரெண்டு இதுக்கு வந்திருச்சு.
ரெண்டையும் சேத்துத் தராசுல வெச்சா எடை சரி.
அதனால எனக்கு ஒண்ணும் தெரியல.
ஒத்தைய மட்டும் குடுத்தா
வாங்குனவங்களுக்குத்தான் குறையும்."

பதினோரு வருடமாக இந்த வேலை.
இப்படி எனக்குச் சொல்லத் தெரிந்ததில்லை.

சுபாஷிணி அப்போதுதான் வாய் திறந்தாள்.
"ரெண்டையும் சேத்தே குடுத்தா?"
அதுவும் நடக்கும் என்றேன்.
"ரெண்டும் மாறாததா வந்தா?"
அதுவும்.
"எத்தனைக்கு எத்தனை?"
டாக்டர் வரட்டும் என்றேன்.
என்னிடம் இருந்த எண்கள்
அவள் கேட்டதற்குப் பதிலாக இல்லை.

அவர் மைக்ரோஸ்கோப்பைக் காட்டி
பார்க்கலாமா என்றார்.
குனிந்தார்.
ஒத்தைக் கண் மூடுகிற பழக்கம் பட்டறையில் வந்தது போல.
திருகைத் தொட நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவள் மணி பார்த்தாள். பஸ் போய்விடும் என்றாள்.
"இரு" என்றார்.
குனிந்தபடியே கையை நீட்டி
அவள் மடியிலிருந்த ஃபைலை எடுத்துத்
தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.
கண்ணை எடுக்கவில்லை.