இது இல்லை

போரி நகரப் பழஞ்சந்தையில் பதினைந்து யூரோ.
வாஃபிள் சுடும் கருவி ஒன்றையும்
கேட்காமலே பையில் திணித்தான் டூரே.
"கடைசியாகப் போட்டபோது ஓடியது" என்றான்,
எந்த ஆண்டு கடைசி என்று சொல்லாமல்.
பொய் என்றும் சொல்ல முடியாது.

ரொட்டி நிறம், ரொட்டி வடிவம்,
கொமடோர் அறுபத்து நான்கு.
சுவிட்சைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது.
திரை கறுப்பு.
ஜனவரியில் நாலு மணிக்கே
ஜன்னலுக்கு வந்துவிடும் அதே கறுப்பு.

பகலில் நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
மாடிகளுக்கு நடுவே நின்றுபோன பெட்டிக்குள்ளிருந்து
யாராவது கத்துவார்கள்.
கோளாறில் பாதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.
இதற்குள் யாரும் இல்லை.

முதலில் மின்சாரம்.
செருகுவதற்கு முன்பே அளந்திருக்க வேண்டும்.
அடுத்தவர் பொருளென்றால் அளந்திருப்பேன்.
செங்கல் கனத்தில் ஒரு அடாப்டர்.
ஐந்து வோல்ட் வர வேண்டிய முனையில்
ஐந்துதான் வந்தது, இன்று.
இத்தனை வருடம் எத்தனை வந்தது என்று
மீட்டருக்குத் தெரியாது.

மூன்று திருகு.
உள்ளே தூசி, உலர்ந்த ஒரு ஃபிர் ஊசி
(எந்தக் கிறிஸ்துமஸ்?),
அப்புறம் வரிசையாக எட்டு நினைவகச் சில்லுகள்,
ஒரு எழுத்தை எட்டாகக் கிள்ளி
ஆளுக்கொரு துணுக்கு வைத்துக்கொள்பவை.
ஏழின் முதுகில் வெள்ளை மையில் ஒரு பொட்டு.
மூடிக்கு அடியில், அட்டையில், பென்சிலால்:
பொட்டு என்றால், இது இல்லை.

எட்டாவதில் பொட்டு கிடையாது.
அதைப் பிடுங்கிப் புதிது வைத்திருந்தார் யாரோ.
ஈயம் இன்னும் பளபளக்கிறது.
வைத்துவிட்டு சுவிட்சைத் தட்டியிருப்பார்.
கறுப்பு.
அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

ஆக, ஏழில் ஒரு பொட்டு தப்பு.

உல்பு எழுந்து வந்தாள்.
இரண்டு மணிக்கு அவளுக்கு பேக்கரி.
கண்ணாடி போடாமலே குனிந்து பார்த்தாள்.
"ஐந்தாவதிலிருந்து பொட்டெல்லாம் கோணல்.
தூக்கம் வந்துவிட்டது அந்த ஆளுக்கு.
விடியும் நேரத்து பன்கள் இப்படித்தான் இருக்கும்.
அங்கிருந்து தொடங்கு."

சரியான பேச்சாகப் பட்டது.
நல்ல சில்லு ஒன்றைச் சந்தேகச் சில்லின் முதுகில் ஏற்றி
காலோடு கால் பொருந்த அழுத்திப் பிடித்து
சுவிட்சைப் போட்டேன்.
ஐந்து: கறுப்பு.
ஆறு: கறுப்பு.
ஏழு, எல்லாவற்றிலும் கோணலான பொட்டு:
கறுப்பு.
உல்பு சாக்ஸைத் தேடப் போனாள்.
நாலு. மூன்று.
காபி ஆறி ஆடை கட்டியிருந்தது.

இரண்டு.
ஏழிலும் அழகான பொட்டு அது.
வட்டமாக, நடு முதுகில்,
அளந்து வைத்தது போல.
அங்கே திரை நீலமானது.

நீலத்துக்குள் ஒரு சதுரம்
விட்டு விட்டுத் துடித்தது.
தயார் என்றது.
தயாரில்லாதவன் நான்தான்.
வலது கட்டைவிரலை எடுத்தால் எல்லாம் போய்விடும்.
இடது கையால் விசைப்பலகையைத் தடவி
ஓடு என்று சொல்லப் பார்த்தேன்.
அதற்கு முதலில் ஆர் வேண்டும்.
ஆர் செத்துக் கிடந்தது.
ஓங்கி அழுத்தினேன், பக்கவாட்டில் அழுத்தினேன்,
ஊதினேன்.
விழித்துக்கொண்ட ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு
ஓடு என்று சொல்ல ஒரு எழுத்து இல்லை.

கேள்விக்குறி இருந்தது.
கேள்விக்குறி போட்டால் பதில் எழுதும் இந்த ஜாதி.
மூக்கால் ஷிப்ட்டை அமுக்கி
(உல்பு பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்)
இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டேன்.

நான்கு.

"போகிறேன்" என்றாள் வாசலில், பூட்ஸோடு.
கையசைக்க முடியாது.
"நான்கு!" என்றேன்.
"ஆமாம்" என்றாள்,
"ஆறு மணிக்குள் மேசையைக் காலி செய்."

கதவு சாத்திக்கொண்டது.
சில்லு விரலுக்கடியில் இளஞ்சூடாக இருந்தது.
ஈயம் உருக்கும் கோல் அலமாரியில்,
என் கைக்கு எட்டாத தூரத்தில்.