ஒரு பொட்டலக் கறுப்பு

நாளை பதினோரு மணிக்கு
எவரிஸ்தோவைப் புதைக்கிறார்கள்.
என் அலமாரியில் கறுப்பே இல்லை.
நண்டுத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் வெள்ளை.
வீட்டில் பழுப்பு, சாம்பல்,
வெளிறிய மஞ்சளில் ஒரு கவுன்.
பருத்தி என்று உள்பக்கத் துண்டில் போட்டிருக்கிறது.

மூன்று நிமிடம் பிந்தியதற்கு
என் அரை நாள் கூலியைப் பிடித்தவர் அவர்.
அழமாட்டேன்.
ஆனால் போகாமலும் இருக்க முடியாது.
புந்தா அரேனாஸ் சின்ன ஊர்,
வராதவள் யாரென்று காற்றே
தகரக் கூரை தகரக் கூரையாகத் தட்டிச் சொல்லிவிடும்.

"கவுனுக்கு ரெண்டு பொட்டலம் வேணும்" என்றான் கடைப் பையன்.
செத்தவருக்கு ஒன்று போதும் என்றேன்.

வீட்டில் பெரிய பாத்திரம் ஒன்றே ஒன்று,
கிறிஸ்துமஸுக்கு நண்டு வேகிறது.
அதற்குள் போவதெல்லாம்
பொடி ஏதுமின்றித் தானே சிவந்து வரும்.
கடையில் வாங்கிய நிறம்
அதன் அடியைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

தண்ணீர் கொதித்தது. பொடி விழுந்தது.
கறுப்பு கறுப்பாக இல்லை.
ஓரத்தில் பச்சையாய் ஓர் இழை, பிறகு ஊதா,
எங்கிருந்தோ ஒரு சிவப்பு, அடியில் நீலம்.
இத்தனை பேர் கூடித்தான் கறுப்பு என்பது
ஐம்பத்திரண்டு வயதில் தெரிகிறது எனக்கு.

உப்பு எவ்வளவு என்று எழுதியிருந்த மூலை
பொட்டலத்தைப் பிரிக்கும்போதே கிழிந்துவிட்டது.
நண்டுக்கு அள்ளுகிற அளவைக்
கை தானாக அள்ளிப் போட்டது.

நாற்பது நிமிடம் நிறுத்தாமல் கிளற வேண்டும்.
உடைந்த துடைப்பக் கழியால் கிளறினேன்.
யானாரா எட்டிப் பார்த்து
"யாரை வேகவைக்கிறே?" என்றாள்.
கவுனின் ஒரு கை மட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டு
வகுப்பில் சந்தேகம் கேட்பவள்போல்
மேலே மேலே வந்தது.
அமுக்கினேன். வந்தது. அமுக்கினேன்.

கையுறை தொழிற்சாலையுடையது.
சுட்டுவிரலில் ஓட்டை.
புதியது கேட்டபோது
மற்ற நாலு விரலும் நன்றாகத்தானே இருக்கிறது என்றவர்
நாளை மண்ணுக்குள் போகிறார்.
இப்போது அந்த ஒரு விரல் மட்டும்
முழுத் துக்கம் காக்கிறது.

அலசினேன், அலசினேன்,
தண்ணீர் தெளியவில்லை.
பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத ஜனவரி.
கொடியில் போட்டதும்
கவுன் ஜலசந்தி பார்க்கக் கிளம்பிவிட்டது.
நான்கு கிளிப் போட்டுப் பிடித்து வைத்தேன்.
பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவரில் பதினேழு புள்ளிகள்.
அதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் பார்த்தேன்.
கறுப்பில்லை.
பாறையிலிருந்து அப்போதுதான் பெயர்த்த சிப்பியின் நிறம்.
அக்குளில் ஒரு மஞ்சள் தீவு.
போகட்டும் என்றால், தையல்!
தையல் அத்தனையும் மஞ்சளாகவே இருந்தது.
நூல் பாலியஸ்டராம், இந்தச் சாயம் அதில் ஏறாதாம்.
காலர், இடுப்பு, கைமடிப்பு,
நான் எங்கெங்கே ஒட்டுப்போட்டவள் என்று
யாரோ கோடு கிழித்துக் காட்டியதுபோல.

வேறு கவுன் இல்லை.

தேவாலயத்தில் கடைசி வரிசையில்
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
கல்லறையில், கத்தரித்த சைப்ரஸ்களுக்கு நடுவே
தூறல் பிடித்தது.
அவர் சாயம் வெளுக்கட்டும் என்று
பத்தொன்பது வருடம் காத்திருந்தோம்
பாக்கிங் பிரிவில் எல்லாரும்.
வெளுத்தது என்னுடையது,
கழுத்திலிருந்து கீழே.

வரிசை நகர்ந்தது. என் முறை.
அவர் மனைவி கிரிசெல்டா என் கையைப் பிடித்தார்.
விரலைப் பார்த்தார்.
காலரைப் பார்த்தார்.
மறுபடி விரலை.
என்ன சொல்வதென்று மனப்பாடம் செய்து வந்ததெல்லாம்
எங்கோ போக,
நான் அவர் கோட்டைப் பார்த்தேன்.
மடிப்போரம் நெடுக
அரிசிபோல் ஓடிக்கொண்டிருந்தது
வெள்ளைத் தையல்.

பின்னால் யாரோ இருமினார்கள்.
அவர் கையை விடவில்லை.
காதருகே குனிந்து கேட்டார்:
"நீ உப்பு எவ்வளவு போட்டே?"

ஒரு கை, என்றேன். நண்டுக்குப் போடுகிற அளவு.

"நான் போடவே மறந்துட்டேன்" என்றார்.
அவர் கைப்பட்டையிலிருந்து
என் மணிக்கட்டுக்கு
ஊதாவாக இறங்கிக்கொண்டிருந்தது மழை.