காலி எடை

புதுவயல் ரயில்வே கேட் தாண்டி மூன்றாவது எடைமேடை.
இரவு பத்திலிருந்து ஆறுவரை நான்.
லாரி ஏறினால் மேடை ஒரு விரல் அமுங்கும்,
சிவப்பு எண் தடுமாறி நிற்கும்,
ரசீது கிழித்துக் கொடுப்பேன்.
லாரி இல்லாத நேரமெல்லாம்
ஒரு தொகுப்பியோடு மல்லுக்கட்டு.

நிப் என்று பெயர். பதினோராயிரம் வரி.
பனி பெய்யும் ஏதோ ஊரில்
ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியவன்
எடுத்துக்கொள்ளுங்கள் என்று உரிமத்தில் சொல்லிவிட்டு
வேறு வேலைக்குப் போய்விட்டான்.
என் இயங்குதளத்தில் அது இல்லை.
ஏன் இல்லை என்று நாலு பேர் கேட்டிருந்தார்கள்.
ஐந்தாவதாய் வந்த நான்
கேட்காமல் கட்ட ஆரம்பித்தேன்.

கட்டுவதென்றால் மூட்டை கட்டுவதுதான்.
பை, தையல், மேலே ஒரு சீட்டு:
உள்ளே என்ன, எந்தப் பதிப்பு, எதை நம்பி நிற்கிறது,
எந்தக் கோப்பு எந்த அடைவில் போய் உட்காரும்,
வேண்டாமென்றால்
சுவடில்லாமல் எப்படி எழுந்து போகும்.

நிப்பைத் தொகுக்க நிப் வேண்டும்.
உறைமோருக்கு எந்தக் கதவைத் தட்ட?
பழைய சி தொகுப்பியில் ஒரு சொட்டு செய்தேன்,
அதை ஊற்றி ஒன்று, அந்த ஒன்றில் இன்னொன்று.
இரண்டாவதும் மூன்றாவதும்
பிட்டுக்குப் பிட்டு ஒன்றாய் நின்றபோது
மணி இரண்டேகால்.
யாரிடமாவது சொல்லலாம் போலிருந்தது.
தவிட்டு லாரி ஒன்று வந்தது.
சொல்லவில்லை.

அப்புறம்தான் அந்த விதி:
எந்தக் கணினியில் கட்டினாலும்
அதே பொதி வரவேண்டும்.
மில் ஆபீஸ் கணினியில் கட்டிப் பார்த்தேன்.
சரிபார்ப்பு எண் வேறு.
உள்ளே ஒட்டியிருந்த தேதியைப் பிடுங்கினேன். வேறு.
கோப்புகளை அகரவரிசையில் அடுக்கினேன்.
வேறு.
ஒன்பது இரவு.

பத்தாம் இரவு ராய்ச்சூர் லாரி,
நெல்லை இறக்கிவிட்டுக் காலி எடைக்கு வந்து நிற்கிறது.
பாரத்தோடு நிறுத்தபோது
இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்த மல்லப்பா
இப்போது ஸ்டியரிங்மேல் சாய்ந்து தூங்குகிறார்.
அவரையும் சேர்த்துக் காலி என்று எழுதினால்
அவர் பாட்டுக்கு எழுபத்திரண்டு கிலோ நெல் காணாமல் போகும்.
'விடு, தூங்கட்டும்' என்றார் மில் சேவுகன்.
அவர் பக்கத்து லாபம்.
கதவைத் தட்டினேன்.
எனக்குக் கன்னடம் வராது, அவருக்குத் தமிழ்.
எண்ணைக் காட்டினேன், அவரைக் காட்டினேன்.
கீழே குதித்தார்.
எண் எழுபத்திரண்டு இறங்கியது.
சிரித்தோம், சேவுகன் தவிர.

லாரி போன பிறகு
இரண்டு பொதியையும் பிரித்துப் போட்டேன்.
மூன்று லட்சத்துச் சொச்சம் பைட்டில்
பதினாலு இடம்.
எந்திர எண்களுக்கு நடுவே,
படிக்கிற எழுத்தில்:
வீடு / சொர்ணவல்லி / வேலை / நிப்.
மற்றதில்
வீடு / ஆபீஸ்2.
கட்டிய இடத்தின் முகவரியை
பின்னால் பிழை தேட உதவுமென்று
மடியில் முடிந்து வைத்திருக்கிறது.
ஒன்பது இரவும் நான் இறங்கவே இல்லை.

ஒரே வரிதான் சேர்த்தேன்.
என் பெயர் இருந்த இடத்தில் ஒரு புள்ளி.
இங்கும் அங்கும் மறுபடி கட்டினேன்.
அறுபத்திநாலு எழுத்து எண்,
விரலை வைத்து வாய்விட்டுப் படித்தேன்,
ஒன்றுதான்.
கண்டனூர்ப் பக்கமிருந்து முதல் பேருந்து
விளக்கோடு வந்துகொண்டிருந்தது.

கடைசியாகப் படிவம்.
பராமரிப்பவர் பெயர்,
காலியாக விடக்கூடாது.
நாளைக்கு உடைந்தால் யாரைத் திட்டுவதாம்.
ஒற்றைக்கொம்பு, ச, கால் என்று
பாதி அடித்திருப்பேன்,
ஹாரன்.
உமி லாரி.
முன்சக்கரம் மட்டும் மேடையில் ஏறி நிற்க,
எண் நிற்காமல்
ஓடிக்கொண்டிருக்கிறது.