சரியான ஸ்கோருக்கு மூன்று புள்ளி

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு
கறிக்கடை வரிசையில் நின்றபோதே
ஒப்பந்தம் முடிவாகிவிட்டது:
ஸ்கோரைச் சரியாகச் சொன்னால் மூன்று புள்ளி,
ஜெயிப்பது யாரென்று மட்டும் சொன்னால் ஒன்று,
கடைசியில் நிற்பவர்
தீபாவளிப் பாத்திரம் அத்தனையும் துலக்க வேண்டும்.

கிழித்த காலண்டர் தாள்களின் முதுகில்
லோசனி கோடு போட்டாள்.
மறுபக்கத்து ராகுகாலமும் சூலமும் நிழலாகத் தெரிய
இங்கிலாந்துக்காரர்களுக்கு
செல்லூரில் நல்ல நேரம் கணித்தோம்.

பூவரசன் செல்போனில் ஆராய்ச்சி செய்வான்:
யாருக்கு முழங்காலில் கட்டு,
யார் வெளியூர் போனால் சொதப்புவார்கள்.
லோசனிக்குச் சட்டையின் நிறம் போதும்.
இருளப்பன் மின்வாரியம்.
ஃபியூஸ் போன வீட்டைப் பார்ப்பதுபோல்
டிவியை ஒரு நொடி பார்த்து
'ரெண்டுக்கு ஒண்ணு' என்பார்.
எனக்கு எல்லா ஆட்டமும் ஒன்றுக்கு ஒன்று.
அதற்குமேல் யோசிக்க முடியாமல்
அடுப்பில் எப்போதும் பால் இருந்தது.

ஐப்பசி இரண்டாம் வாரம்
நான்தான் முதலில்.
பூவரசன் கடைசி.

பிறகு மழை.
பந்தல்குடி வாய்க்கால்
கதவு எண் விசாரித்து வருவதுபோல்
ஒவ்வொரு வாசலாக நின்று நின்று வந்தது.
யானைக்கல் தரைப்பாலத்தை அடைத்துவிட்டு
போலீஸ்காரர் ஒருவர்
ஆற்றைப் பின்னால் வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

ஐந்தாவது கட்டம் போட்டாள் லோசனி: கலெக்டர்.
நாளைக்கு லீவா, இல்லையா?
மஞ்சள் எச்சரிக்கை என்ற அன்று
இரண்டு கொடித் துணியும் காய்ந்தது.
ஆரஞ்சு என்ற அன்று
பால் டிப்போவுக்குச் செருப்பு நனையாமல் போய் வந்தேன்.
ஒன்றுமில்லை என்றார்கள்.
மாட்டுத்தாவணி பஸ்ஸுக்குள்
கண்டக்டர் குடை விரித்து டிக்கெட் கிழித்தார்.

அந்த ஞாயிறு இரவு பத்து மணி ஆட்டம்.
போன் வந்தது. ரெயின்கோட்டில் கையை நுழைத்தபடியே
'ரெண்டுக்கு ஒண்ணு, செவப்பு,
எழுதிக்கோ' என்று சொல்லிவிட்டுப் போனார்.
எழுபதாவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று.
எனக்கு முதல்முறையாகக் கால் நடுங்கியது.
கோல்கீப்பர் பந்தை உதைத்தான்,
பந்து மேலே போனது,
இறங்கி வருவதற்குள் கரண்ட் போய்விட்டது.

பூவரசன் அப்பாவைக் கூப்பிட்டான்.
ஸ்பீக்கரில் காற்றுதான் முதலில் பேசியது.
'நாந்தான்டா லைனை நிறுத்துனேன்.
குலமங்கலம் ரோட்டுல வேப்பமரம்
கம்பி மேலயே படுத்துக்கெடக்கு.
மேல ஏறணும், வையி.'
'தோக்கப்போறோம்னு ஆஃப் பண்ணிட்டாரு' என்றான் மகன்.
சிரித்தோம். பிறகு அவர்கள் தூங்கினார்கள்.

நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.
இருட்டில் ஃபேன் தெரியாது,
ஆனால் அது எங்கே இருக்கிறதென்று தெரியும்.
தகர ஷெட்டில் மழை
ஒருமுறை தேய்ந்து, மறுபடி ஏறியது.
மூன்று பத்துக்கு
மூன்று இறக்கைகளும் மெல்ல அசைந்தன.
ஃப்ரிட்ஜ் செருமியது.
டிவியில் கோட்டுப் போட்ட இருவர்
ஏதோ ஒரு முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
கீழே மூலையில் ஸ்கோர் இருந்தது.
படிக்கவில்லை.
டீத்தூள் டப்பாவைத் தேடினேன்.

நான்குக்கு ஒன்று, சிவப்பு. அவருக்கு ஒரு புள்ளி.
கலெக்டர் லீவு விட்டது
பிள்ளைகள் ஷூ மாட்டிய பிறகு.
ஊறிய விரல்களால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு
'எவனுக்கு எவன் போட்டான்?' என்று கேட்டார்,
பதில் வருமுன் உட்கார்ந்தபடியே தூங்கினார்.

தீபாவளி மறுநாள்.
நான் முதல், பூவரசன் கடைசி,
மேல்முறையீடு இல்லை.
கறிச்சட்டி, அதிரசச் சட்டி, இட்லிக் கொப்பரை
எல்லாவற்றையும் மொட்டைமாடியில் வரிசையாகக் கவிழ்க்காமல் வைத்துவிட்டு
கைகட்டி இறங்கி வந்தான்:
'ரெட் அலர்ட்மா. பதினோரு மணிக்குள்ள கழுவிரும்.'

அன்றைக்கு அடித்தது மாதிரி வெயில்
சித்திரையில்கூட அடித்ததில்லை.
ஒட்டிக் காய்ந்த மசாலாவை
ஒரு காக்கை
சாயங்காலம் வரை கொத்தியது.