புதன்கிழமைப் பலகை

ஊர்ப்பெயரே கருங்கல்.
எறிந்த சத்தத்தைத் திருப்பி எறியத் தெரிந்த சுவர்கள்.
என் மாவு மில்லில் இருபது குதிரைசக்தி மோட்டார்.
அடுத்த வீட்டில் பியூலா,
குழித்துறையில் இரவெல்லாம் ஊசி போட்டுவிட்டு
காலை எட்டரைக்குப் படுப்பவள்.
நான் பெல்ட்டை மாட்டுவது எட்டே முக்காலுக்கு.

அவள் சண்டைக்கு வரவில்லை.
கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டே வந்தாள்,
அதுதான் கஷ்டமாகிவிட்டது.

ஈத்தாமொழியிலிருந்து மூன்று மூட்டை தென்னை நார்.
குலசேகரத்திலிருந்து ஒரு கேன் ரப்பர் பால்.
சோப்புக் கரைசல் விட்டு
கேக் அடிக்கும் மிஷினில் அடித்தேன்.
இனி இந்த வீட்டில் கேக் இல்லை என்றாள் லீலாபாய்,
அமோனியாவுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு.
நாரைப் பரப்பி, நுரையை ஊற்றி
புட்டுபோல ஆவியில் வேகவைத்தேன்.

முதல் பலகை வழவழவென்று வந்தது.
தோற்றது அதனால்தான்.
தோல் மூடிய நுரைக்கு வந்த சத்தம்
பூட்டிய வீட்டு விருந்தாளி மாதிரி
தட்டிவிட்டுத் திரும்பிவிடும்.
பிளேடால் தோலைச் சீவினேன்.
உள்ளே ஆயிரம் கண்ணறை, ஒன்றுக்குள் ஒன்று வாசல்.
நுழைந்தது நாரில் உரசி உரசி
இளஞ்சூடாகித் தீர்ந்தது.

பெல்ட்டின் கீச்சு அடங்கியது.
மிளகாய் அரைபடும் சீறல் அடங்கியது.
அடித்தொண்டை உறுமல் மட்டும் போவேனா என்றது.
இன்னொரு அடுக்கு ஒட்டிப் பார்த்தேன். ம்ஹூம்.
கடைசியில்
பலகைகளைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்தினேன்.
இடையில் ஒன்றுமில்லை, வெறும் காற்றாக்கும்.
அதற்குள் போய்
உறுமலில் பாதி காணாமல் போனது.

பத்து நாள் பியூலா உறங்கினாள்.
பதினோராம் நாள் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்தாள்.
"அண்ணே, அந்த ஓரத்துப் பலகைய மட்டும்
புதன்கிழம மத்தியானம் கழத்தி வைப்பியளா?
ரெண்டு மணிக்கு அவரு மஸ்கட்டுலேருந்து விளிப்பாரு.
மாமியாருக்க கட்டிலு செவுருக்கு அந்தப் பக்கமாக்கும்.
மில்லுச் சத்தத்துல
நான் பேசுனது இதுவரைக்கும் ஆருக்கும் கேட்டதில்ல."

என்ன ஏது என்று கேட்கவில்லை.
அந்தப் பலகைக்கு இரண்டு கீல் வாங்கிப் போட்டேன்.

புதன் மதியம் கூட்டம் இருக்காது.
ரெண்டுக்குப் பலகையைத் திறக்கிறேன்.
அரைக்க எதுவும் இல்லாவிட்டால்
இரண்டு படி தவிட்டைக் கொட்டி மோட்டாரை ஓடவிடுகிறேன்.
சில வாரம் பத்து நிமிடம்.
போன வாரம் ஐம்பது.

கரண்ட் பில்லைப் பார்த்து லீலாபாய் கேட்டாள்.
கல் கொத்தினேன்,
புதுக் கொத்து பழகட்டும் என்று ஓடவிட்டேன் என்றேன்.