கறுப்பு எண்டால் கறுப்பு

"மற்றத் திரையளிலை கறுப்பு ஒரு பொய், அக்கா"
எண்டான் கஸ்தூரியார் வீதிக் கடைப் பெடியன் கிருசாந்தன்.
"பின்னாலை லைற் எரிஞ்சுகொண்டேதான் இருக்கும்,
முன்னாலை மறைக்கிறம், அவ்வளவுதான்.
ஓலெட் அப்பிடியில்லை.
ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே நூரும்.
கறுப்பு எண்டால் கறுப்பு."

இரண்டு மடிக்கணினிகளை அருகருகே வைத்து
கடை விளக்கை நூர்த்துக் காட்டினான்.
ஒன்றின் இரவு சாம்பல்.
மற்றதில் திரை எங்கே முடிகிறது,
இருட்டு எங்கே தொடங்குகிறது என்று
விரலால் தடவித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

சீட்டு எடுத்திருந்த மாதம்.
வாங்கிவிட்டேன்.

நான் கல்வெட்டுச் செய்கிறவள்.
கல்லில் இல்லை;
முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின்
கையில் கொடுப்பார்களே, அந்தப் புத்தகம்.
தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, நன்றி நவிலல்,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்.
பெயர் ஒன்று இடம் மாறினாலும்
ரொறன்ரோவிலிருந்து சண்டை வரும்.

முதல் கிழமை சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அடையாள அட்டையில் இருந்து பெருப்பித்த ஒரு படம்.
தலைமயிரும் நிழலும் பின்னால் தொங்கிய துணியும்
பழைய திரையில் ஒரே கரி.
இதில் மூன்றும் மூன்றாய்ப் பிரிந்தன.
அந்த மனிசனுக்குக் காது இருந்தது.

பிறகு பகல் வந்தது.
யன்னல் வெயில் கண்ணாடியில் விழ
செத்தவரின் கன்னத்தில் என் கன்னம்,
அவர் நெற்றியில் எங்கள் வீட்டு மாமரம்.
கரண்ட் நின்ற நேரங்களில்
வெள்ளைத் தாள் பற்றரியைத் தின்றது.
கறுப்புப் பக்கம் என்றால் கனநேரம் தாங்குமாம்.
கல்வெட்டுக்கு யார் கறுப்புப் பக்கம் கேட்கிறார்கள்?
இரவில் வெளிச்சத்தைக் குறைத்தால்
அது குறையவில்லை, இமைத்தது,
கண்ணுக்குத் தெரியாத வேகத்தில்.
நெற்றிப்பொட்டுக்குத் தெரிந்தது.

அச்சகத்தில் யூலியன் தாளைத் தூக்கிப் பிடித்தார்.
"உங்கட திரையிலை இருக்கிற சிவப்பு
என்ரை மெசினிலை இல்லை, பிள்ளை.
அதை நீங்கள் வீட்டிலையே வைச்சிருங்கோ."

பதினான்கு மாதம், நூற்றுப் பன்னிரண்டு பேர்.

அரியாலையில் ஒரு குழந்தைக்கு முதலாம் பிறந்தநாள்.
பதாகைக்கு வெளிர்நீல வானம் போட்டேன், பலூன் போட்டேன்.
வானத்தின் நடுவில் பழுப்பாய் ஒரு முட்டைவட்டம்.
இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

அழித்துப் பார்த்தேன், அழிக்க அங்கே ஒன்றுமில்லை.
திரையைப் படம்பிடித்துத் தங்கைக்கு அனுப்பினேன்.
"வடிவாத்தானே இருக்கு" என்று பதில் வந்தது.
என் மேசையில் மட்டும் இருந்தது அது.

"ஒண்டையே ஒரே இடத்திலை வைச்சிருந்தால்
அந்த இடம் களைச்சுப்போகும் அக்கா" எண்டான் கிருசாந்தன்.
"நீலம்தான் முதல் களைக்கும்.
வறண்டியிலை இது வராது."
அசைச்சுக்கொண்டு இருந்திருக்கோணுமாம்.

முகங்களில் ஒன்றுகூடப் பதியவில்லை.
கிழமைக்கு இரண்டு மாறிக்கொண்டிருந்தன.
பதிந்தது சட்டம்தான்.

இப்போது ஒவ்வொருவருக்கும் வட்டத்தை
ஒரு நூல் இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளிவைக்கிறேன்.
கோண்டாவில் வீட்டார் கண்டுபிடித்துவிட்டார்கள்:
"அப்பா நடுவிலை இல்லையே?"

கம்பசுக்குப் போகிற தர்மிகா கேட்டாள்,
எதை வாங்கலாம் என்று.
படம் பார்க்க எண்டால் இதை வாங்கு,
நாள் முழுக்க ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறதுக்கு
சாம்பல் இரவு போதும் என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை, விலையைக் கேட்டாள்.

நேற்று ஒன்பது மணிக்கு வேலை முடித்து
எல்லாவற்றையும் மூடி, வெறும் கறுப்பை விட்டேன்.
வட்டம் இல்லை. விளக்கும் இல்லை.
கிட்டப் போய்ச் சரித்துப் பார்த்தேன்.
அந்த ஒன்றில்
பெடியன் பொய் சொல்லவில்லை.