புறங்கை

பத்தொன்பது பெட்டிகள்.
லிஃப்ட் பழுது.
நானும் மரிசோலும் சரக்கு வாசல் வழியே
தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிறோம்.
வெளியே பியோரியாவின் நதியில்
பனிப்பாளம் உடைகிறது,
பழைய தகரத்தை யாரோ மிதிப்பதுபோல்.

மூன்று வருடம்.
பதினேழாயிரத்து ஐந்நூறு டாலர்
எந்தக் கணக்கிலிருந்து கிளம்பி
எங்கெங்கே இளைப்பாறி
எந்தக் கணக்கில் போய் உட்கார்ந்தது என்று
வரி வரியாகச் சிவப்பு மை வைத்தவள் நான்.
ஒரு குழாய் கம்பெனி.
முதலாளியின் மைத்துனர் நடத்தும் படகு வாடகைக் கடை.
அங்கிருந்து ஒரு காசோலை,
குறிப்பில் ‘ஆலோசனை’ என்ற ஒற்றைச் சொல்.
வாங்கியவர் நகரத் தண்ணீர் வாரியத் தலைவர்
டுவெய்ன் ஹால்வர்சன்.
என்ன ஆலோசனை என்று கேட்டதற்கு
‘பொதுவாக’ என்றார்.
ஜூரியில் ஒரு பெண் சிரித்துவிட்டு
அதை இருமலாக்கிக்கொண்டாள்.

பன்னிரண்டு பேரும் குற்றவாளி என்றார்கள்.

பிறகுதான் வாஷிங்டனிலிருந்து
வேறு ஏதோ ஊரின் வழக்கில்
அந்தத் தீர்ப்பு வந்தது.
எங்கள் வழக்கறிஞர் ஓவன் ட்ரஸ்காட் படித்து முடித்து
கண்ணாடியைக் கழற்றி
டையின் நுனியால் துடைத்தார்.
வெகுநேரம் துடைத்தார்.

முன்கூட்டிப் பேசி வாங்கினால் லஞ்சம்.
வேலை முடிந்தபின் நன்றியாக வந்தால்
நகராட்சி ஆளை இந்தச் சட்டம் தொடாது.
வேண்டுமானால் மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒப்பந்தம் கையெழுத்தானது மார்ச் நான்கு.
காசோலை ஏப்ரல் இருபத்தொன்பது.
நடுவில் ஐம்பத்தாறு நாள்.
அவற்றை நான்தான் எண்ணி
சுவரளவு அட்டையில் ஒட்டினேன்.
என் சாட்சிகள் என்றிருந்தேன்.
இப்போது அதே நாட்கள்
வரிசையாக எழுந்து நின்று
அவர் பக்கம் சாட்சி சொல்கின்றன.

முன்பே பேசிக்கொண்டார்கள் என்பதற்கு
எங்களிடம் இருந்தது ஒரு மதியச் சாப்பாட்டு ரசீது:
இரண்டு சாண்ட்விச், ஒரு சூப்.
சூப் வாய் திறக்காது.
தண்டனை ரத்து.
மறுவிசாரணை வேண்டாம் என்று மேலிடம்.

தேனெடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான் என்று
எங்களில் சொல்வோம்.
எத்தனை மணிக்கு நக்கினான் என்று
யாரும் கேட்டதில்லை.
பெயர்ச்சொல் காலம் காட்டாது என்றுதான்
ஏழாம் வகுப்பில் எனக்குச் சொன்னார்கள்.
லஞ்சம், கையூட்டு, மாமூல், கவனிப்பு,
எல்லாமே பெயர்ச்சொல்.
மரிசோலுக்குப் பழமொழியை விளக்கினேன்.
‘கையில் பிசுக்கு இருக்குமே,
அதைப் பார்த்தால் போதாதா?’ என்றாள்.

ஜூரி தீர்ப்புச் சொன்ன அன்று
சாட்சி சொன்ன மீட்டர் ரீடர் பெர்னெட்டா
எனக்கொரு பூசணி ரொட்டி கொண்டுவந்தாள்,
இன்னும் சூடாக, ஃபாயிலில் சுற்றி.
மத்திய அரசின் ஆள் நான்.
இருபது டாலருக்கு மேல் கூடாது.
என் சட்டத்தில்
முன்னால் வாங்கினாலும் தப்பு,
பின்னால் வாங்கினாலும் தப்பு.
விலை கேட்டேன். முகம் சுருங்கிப்போனாள்.
மாவு, வால்நட்,
மோர்ட்டன் தோட்டத்துப் பூசணி,
அடுப்பெரித்த கேஸ் உட்பட
பதினோரு டாலர் என்று
பதிவேட்டில் எழுதிய பிறகுதான்
ஒரு துண்டு தின்றேன்.
நன்றாகவே இருந்தது.

பெட்டிகளில் நான்கு அவருக்கே திரும்பப் போகின்றன:
மேசை நாட்காட்டி,
மீன்பிடிப் போட்டியில் வாங்கிய கேடயம்,
சட்டமிட்ட படகுப் படம்,
இப்படி.
வாசலில் நிற்கிறார் ஹால்வர்சன்.
இளைத்திருக்கிறார்.
கையுறையைக் கழற்றாமலே
ரசீதில் கையெழுத்துப் போடுகிறார்.
அடுத்த வண்டியோடு நான் வரும்போது
காற்று கதவை அறைகிறது;
சட்டென்று தோள் கொடுத்துப்
பிடித்துக்கொள்கிறார்.
யாரும் அவரைக் கேட்கவில்லை.
முன்பேச்சு எதுவும் இல்லை.

வண்டி முழுக்க வெளியே வந்தபின்
வாய் தானாகச் சொல்லிவிட்டது,
நன்றி.